ஓட்டு வீடும் அடிமனையும்

நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல், பாபநாசம், பேராவூரணி என்று காவிரிப் படுகை நெடுகப் பேரூராட்சிகள் உண்டு. அரவை ஆலை, உரக்கடை, நேரடி நெல் கொள்முதல் நிலையம், ஒரு பேருந்து நிலையம், கோயில், அதைச் சுற்றிச் சில வீதிகள். இந்த வீதிகளில் திண்ணையும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன; அவ்வப்போது விலைக்கும் வருகின்றன. சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்துக்குக் கேட்கும் தொகையில் ஒரு பங்கைக் கொண்டே இங்கே கொல்லையும் கிணறுமாக ஒரு வீட்டை வாங்கிவிட முடிகிறது. ஓய்வுபெறப் போகிறவர்கள், மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கிறவர்கள், சொந்த ஊரில் ஒரு காலடி வேண்டும் என்று நினைக்கிற வெளிநாட்டுத் தமிழர்கள் ஆகியோரின் கண் இந்த வீடுகள்மேல் விழுந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்கள் யாரும் விலை ஏன் ஏற்கெனவே குறைவாக இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். விலை குறைவதற்கு இங்கே இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஊரின் பொருளாதாரம், மற்றது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணின் உரிமை. முதல் காரணத்தால் வரும் தள்ளுபடி வாங்குகிறவருக்கு லாபம். இரண்டாவது காரணத்தால் வருவது தள்ளுபடியே அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தீர்க்காமல் விட்ட ஒரு கணக்கை வாங்குகிறவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குக் கொடுக்கும் சுமைகூலி அது. தரகர் சொல்லும் ஒற்றைத் தொகைக்குள் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே சிற்றூர் வீடு மலிவு.

பொருளாதாரக் காரணத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகளாகிவிட்டனர். படுகையின் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ப் பல காலமாகிறது. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட ஏறத்தாழ 33 கோடிக் கட்டடங்களில் இரண்டரைக் கோடி அளவுக்குக் காலியாக இருந்தன. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும் என்று ஓடும் ஊரில், மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கக்கூடியவர்கள் ஆசிரியர், அரசு ஊழியர், கடைக்காரர் என்று சிலரே. வாங்குகிறவர்கள் குறைவு, விற்கிறவர்கள் அதிகம், விலை இறங்குகிறது. போக்குவரத்தும் இதில் சேரும். மன்னார்குடிக்குச் சென்னை ரயில் வந்தது 2011-இல்தான். திருவாரூர் – காரைக்குடிப் பாதையோ அகலப்படுத்தும் பணிக்காக மூடப்பட்டு, 2019-இல்தான் முழுமையாகத் திறந்தது; அத்தனை ஆண்டுகள் முத்துப்பேட்டையும் திருத்துறைப்பூண்டியும் பேருந்தையே நம்பிக் கிடந்தன. வருமானம் வேறெங்கோ இருந்து வருகிறவருக்கு இந்தக் குறைகள் எதுவும் பெரிதல்ல. ஓய்வூதியக்காரருக்கு உள்ளூரில் வேலை இல்லை என்பது ஒரு பொருட்டா? அவர் இந்தத் தள்ளுபடியை மனநிறைவோடு வாங்கிக்கொள்ளலாம்.

மண்ணின் கதை இவ்வளவு எளிதல்ல. சிற்றூர்களில் வீடு நிற்கும் இடம் பெரும்பாலும் நத்தம். ஊரார் குடியிருக்க என்று தொன்றுதொட்டு ஒதுக்கி வைத்த நிலம் அது. வயலுக்குத் தீர்வை உண்டு. ஆகவே வயலுக்குக் கணக்கு உண்டு. நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. ஆகவே வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் நத்தத்து மனைகளைத் தனித்தனியே அளந்து பெயர் எழுதி வைக்க அரசுக்கு அவசரமில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்கூட, எதெல்லாம் அரசின் சொத்து என்று வரிசைப்படுத்தும்போது நத்தத்து மனை வைத்திருப்பவரை விலக்கி வைக்கிறது. பிற்காலத்தில் நத்தம் நிலவரித் திட்டம் வந்து மனைகளை அளந்து முதலில் தோராயப் பட்டாவும் பின்னர் இறுதிப் பட்டாவும் கொடுத்தது. அந்த அளவையின்போது ஊரில் இருந்தவர் பெயர் ஏறியது. பம்பாயில் இருந்த அண்ணன் பெயர் ஏறவில்லை. ஆக, இன்று விற்பவர் காட்டும் நத்தம் பட்டா பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாளில் அங்கே யார் இருந்தார் என்பதற்கு மேல் அது பெரிதாக எதையும் சொல்லவும் இல்லை. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. பழைய பத்திரங்களைப் பார்த்தாலும் இதே நிலைதான். செக்குபந்தியில் 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு' என்று நான்கெல்லை எழுதியிருக்கும். அந்த இன்னார்கள் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பரப்பைக் குழிக்கணக்கில் சொல்லியிருப்பார்கள். ஒரு குழி 144 சதுர அடி என்பது படுகையில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுச் சந்து அந்தக் குழிக்குள் வருமா வராதா என்பது ஒருவருக்கும் தெரியாது.

நத்தமாவது பரவாயில்லை. கோயில் மனைதான் படுகையின் தனிச் சிக்கல். இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் மாநிலம் முழுவதும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. காவிரிக் கரைக் கோயில்களும், தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் போன்ற மடங்களும் இதில் பெரும் நிலக்காரர்கள். வயல் மட்டுமா? கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளின் மனைகளும் பல ஊர்களில் கோயிலுக்கே உரியவை. மனை கோயிலுடையது, மேலே எழுப்பிய சுவரும் ஓடும் மட்டும் குடியிருப்பவருடையது. இதைத்தான் அடிமனை என்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை அடிமனை வாடகையாகக் கட்டிக்கொண்டு மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் அதைச் சொந்த வீடு என்றே நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் தவறில்லை. அதை விற்கலாம் என்று நினைப்பதில்தான் தவறு. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34-வது பிரிவில், ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்பதோ, மாற்றிக்கொள்வதோ, அடகு வைப்பதோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ செல்லாது என்கிறது. நீண்ட காலம் அனுபவித்துவந்தேன், ஆகவே எனக்கே சொந்தம் என்று காலவரம்பைக் காட்டிக் கேட்கும் வழியையும் அதே சட்டத்தின் 109-வது பிரிவு அடைத்துவிட்டது. சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று 1921-இல் தொடங்கிய சட்டம், பிறர் மண்ணில் கட்டடம் கட்டியவருக்கு அந்த மண்ணையே விலைக்குக் கேட்கும் உரிமையைத் தந்திருந்தது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில்களையும் பிற சமய நிறுவனங்களையும் அதிலிருந்து விலக்கியதோடு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவோ, கோயில் மனை சம்பந்தப்பட்ட பத்திரத்தை உரிய அனுமதி இல்லாமல் பதிவு செய்யவே கூடாது என்று சார்பதிவாளரைத் தடுக்கிறது.

இத்தனைக்கும் பிறகு அடிமனை வீடுகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. கட்டடத்தை மட்டும் விற்பதாக ஒரு பத்திரம், அல்லது வெறும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், கையில் பணம். அதற்குப்பின் வாங்கியவர் கோயில் அலுவலகத்தில் தன் பெயருக்கு வாடகைதாரர் உரிமையை மாற்றித் தரும்படி கேட்டு நடக்கத் தொடங்குகிறார். மாற்றித் தந்தால், 34-ஏ பிரிவின்படி நியாய வாடகை நிர்ணயமாகும். அது சந்தை மதிப்பைப் பொறுத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தவும் படும். பாட்டன் கட்டிய தொகைக்கும் பேரன் கட்டப்போகும் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது. மாற்றித் தராவிட்டால் வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர். எப்போதாவது ஒருநாள் அரசு பட்டா கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் நெடுங்காலமாக உலவுகிறது. தேர்தல் தோறும் அது உயிர்பெறும். 2019-இல் நெடுங்காலம் குடியிருக்கும் ஏழைகளுக்காக அப்படி ஓர் அரசாணை வந்ததும் உண்டு. கோயில் நிலத்தைப் பொறுத்தமட்டில் அது உயர்நீதிமன்றத்தில் முடங்கியது. குடியிருக்கும் ஏழைக்கு ஏதேனும் ஒரு நிவாரணம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. பணம் கொடுத்துப் புதிதாக உள்ளே வருகிறவர் அந்த நியாயத்தைத் தனக்கும் சேர்த்துக் கேட்க முடியாது.

அடுத்து வாரிசுகள். பூட்டிக் கிடக்கும் வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று விசாரித்தால், பத்தில் சில ஊருக்கு வர ஆளில்லாததால். மற்றவை பங்காளிகள் ஒத்துப்போகாததால். வீட்டை வைத்திருந்தவர் இந்துவாக இருந்து உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அவருடைய தாய் உயிரோடிருந்தால் அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு. தாயின் பங்கை ஊரில் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அந்தத் தாய் பின்னால் இறந்தால் அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிந்துபோகும் என்பதை இன்னும் அதிகமாக மறந்துவிடுவார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அப்போது மணமாகாமல் இருந்த மகள்களுக்கு மட்டும் அது பொருந்தியது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: தேவையில்லை. அதே தீர்ப்பு, வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டோம் என்று பிற்பாடு சொல்லும் வாதத்தைப் பொது ஆவணச் சான்று போன்ற வலுவான ஆதாரம் இல்லாமல் ஏற்கலாகாது என்றும் சொன்னது. நம் ஊர்களில் பாகப்பிரிவினை எப்படி நடந்தது? பெரியவர்கள் உட்கார்ந்து, திண்ணையில் ஒரு கூர்சீட்டு எழுதி, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அதில் மகள்களின் கையெழுத்து இருக்காது. அவர்களுக்குத்தான் சீர் செய்தாயிற்றே என்பது அன்றைய நியாயம். இன்று விற்பனைக்கு வரும் வீட்டின் ஆவணக் கட்டில் அந்தக் கூர்சீட்டு மஞ்சளாகி மடிப்பில் கிழிந்து இருக்கும். அது வரலாற்றுச் சான்று. உரிமைச் சான்றா என்று கேட்டால் வழக்கறிஞர்கள் யோசிப்பார்கள்.

செட்டிநாட்டில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். அத்தனை பேரும் கையெழுத்திட்டு விற்பது நடவாத காரியம். தூணும் கதவும் மட்டும் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பொருளுக்கு விலை இருக்கிறது. மண்ணுக்கு விற்பவர் இல்லை. இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. ஜப்பானில் மலிவு விலைக்குக் கிராம வீடு கிடைக்கிறது என்று யூடியூபில் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. அந்நாட்டில் 2023-இல் காலி வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. காணொளிகள் சொல்லாமல் விடுவது, அந்த நாடு 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவை மூன்றாண்டுக்குள் செய்யவேண்டும் என்று கட்டாயமாக்கியது என்பதை. உரிமையாளர் யாரென்றே தெரியாமல் போன நிலங்கள் பெருகியதுதான் அதற்குக் காரணம். கணினியில் கொடிகட்டிப் பறக்கும் நாட்டுக்கே அந்தக் கதி. நம்மிடம் அப்படி ஒரு கட்டாயம் இன்னும் இல்லை. தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் வீட்டு வரி, மகன் பெயரில் மின் இணைப்பு என்று ஒரே வீடு மூன்று தலைமுறைக்கும் சொந்தமாக இருப்பதை எந்த அலுவலகமும் தவறாக நினைப்பதில்லை.

'பத்திரம் பதிவாகிவிட்டது, வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, பிறகென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. இதுவே முதன்மையான மறுப்பு. படித்தவர்களிடமிருந்தே அதிகம் வருவது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைப் பதிவதில்லை. விற்பவருக்கு விற்க உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டின் ஒரு பதிவு விதியை நீக்கிய தீர்ப்பிலேயே தெளிவாகச் சொன்னது. வில்லங்கச் சான்று என்பது அந்த அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவாகாதது அதில் வராது. படுகையில் பதிவாகாமல் நடப்பவை எத்தனை? முக்கியமானது ஒத்தி. ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் ஒருவரைக் குடிவைப்பது. பணத்தைத் திருப்பித் தரும்வரை அவர் வெளியேற வேண்டியதில்லை என்பது பேச்சு. பெரும்பாலும் இது வெறும் தாளில்தான் இருக்கும். கையில் இருக்கும் மூலப்பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைத்துப் பணம் வாங்குவதும் அப்படியே. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2012-இல் தமிழ்நாடு திருத்தம் செய்தது. அதற்கு முந்தையவை சான்றில் தெரியாமல் இருக்கலாம், பிந்தையவற்றிலும் கந்துவட்டிக்காரர் பதிவு அலுவலகத்துக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பி மெமோ ரசீது என்று ஒரு கட்டை விற்பவர் நீட்டுவார். பி மெமோ என்பது புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு வருவாய்த் துறை கொடுக்கும் தண்டத்தாள். அதையே உரிமைச் சான்றாக மடித்துப் பத்திரமாக வைத்திருப்பது நம் ஊரின் நகைச்சுவைகளில் ஒன்று. வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று நேரில் போய்ப் பார்த்து, எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்று கேட்பது இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும்விட மேலானது. குடியிருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. கேட்காமல் விட்டதை 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிப் பின்னால் தப்பிக்க முடியாது.

'பழைய வீட்டை விட்டுத் தொலையுங்கள், ஊருக்கு வெளியே மனை வாங்கிப் புதிதாகக் கட்டுங்கள்' என்பது அடுத்த யோசனை. அதில் ஓரளவு உண்மை உண்டு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் உரிமைச் சங்கிலி குறுகியது. ஒரே விற்பனையாளர், ஒரே வரைபடம். ஆனால் படுகையில் ஊருக்கு வெளியே என்றால் வயல் என்று பொருள். நஞ்சையை மனையாக்க மாவட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். அது இல்லாமல் கல் நட்டுக் கொடி கட்டி விற்ற காலத்துக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடைபோட்டது. ஒப்புதலற்ற மனைகளின் பதிவையும் தடுக்கும் 22-ஏ பிரிவு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது; ஏற்கெனவே விற்றவற்றை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி வரன்முறை செய்யப்படாத மனைகள் இன்றும் கிடக்கின்றன, இன்றும் மலிவாகத்தான் கிடைக்கின்றன, அதே காரணத்துக்காக. படுகை முழுதும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதால் வீடே கட்ட முடியாது என்று சிலர் பயமுறுத்துவதும் சரியல்ல. 2020-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் குறிவைத்தது ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்களை. வீட்டுக்குத் தடையாக நிற்பது சட்டத்தைவிடத் தண்ணீர். வயல் தாழ்வான இடம். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நிறைந்தால் தண்ணீர் முதலில் வருவது அங்கேதான். பழைய ஊர் மேட்டில் இருப்பது தற்செயல் அல்ல. முன்னோர் நத்தத்துக்கு மேட்டைத் தேர்ந்தார்கள், நெல்லுக்குப் பள்ளத்தை விட்டார்கள். புதிய மனைப்பிரிவுக்காரர் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, இரண்டடி செம்மண் கொட்டிச் சமன் செய்துவிட்டேன் என்கிறார்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது கண்ணுக்குத் தெரியும் குறை, விலை பேசிக்கொள்ளலாம். படுகையின் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்; ஆழமில்லாத கடைக்காலில் எழுந்த சுவர் விரிசல் விடும். நாட்டு ஓட்டை ஆண்டுக்கொருமுறையாவது ஏறி மாற்ற வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் கிடைப்பது அரிது. கரையான் பனங்கையைத் தின்றிருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். முற்றத்து நீர் யார் கொல்லை வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டோடு பல சண்டைகள் அங்கேதான் பிறக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது கூரையும் ஓடும் போன வீடுகளின் தொகையை நினைவில் வைப்பது நல்லது. கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. வேதாரண்யம் வரை கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆனால் இவை எதுவும் மர்மமல்ல. ஒரு மேஸ்திரியையும் ஒரு தச்சரையும் அரைநாள் கூட்டிப்போனால் செலவுக் கணக்கு கிடைத்துவிடும். அடிமனைக்கு அப்படிக் கணக்குச் சொல்லும் மேஸ்திரி இல்லை.

கணக்கு என்று வந்தபின் பதிவுச் செலவையும் பார்ப்போம். 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு மாறவில்லை. ஆகவே 10 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 70,000 ரூபாயும் 20,000 ரூபாயும் அரசுக்குப் போகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும். அதாவது 10,000 ரூபாய் மிச்சம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கிகள் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அனுமதிப்பது வேறு, தருவது வேறு. நத்தம் பட்டாவும் கூர்சீட்டும் உள்ள ஓட்டு வீட்டுக் கோப்பைப் பார்த்ததும் வங்கி வழக்கறிஞர் கேள்விகளை அடுக்குவார். வங்கி கடன் தர மறுக்கும் வீடு என்பதே ஒரு செய்தி. வங்கியின் தயக்கத்தைச் சபிப்பதைவிட, காசு கொடுக்காமல் கிடைத்த சட்டக் கருத்தாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கைக்காசுக்கு வாங்குகிறவருக்கு அந்தக் கருத்தும் கிடைப்பதில்லை.

மலிவு என்பது யாருக்கு மலிவு? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சிற்றூர் வீட்டைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. படுகையில் குடியிருப்பு மனை என்பது வெறும் இருப்பிடமாக ஒருபோதும் இருந்ததில்லை. பண்ணையாரின் மண்ணில் குடிசை போட்டிருந்தவர் அவருடைய வயலுக்கே வேலைக்குப் போகவேண்டும். மறுத்தால் மனையை விட்டு வெளியேற வேண்டும். கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். 1971-இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம் அந்தக் குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்த வேளாண் தொழிலாளிக்கே சொந்தமாக்கியது. படுகையின் நில உரிமை வரலாற்றில் இதற்கு இணையான சட்டங்கள் குறைவு. அதற்கு முன்பே, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பிற சாதியார் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது என்ற நிபந்தனை இருந்தது; இன்றும் இருக்கிறது. இந்த மனைகள் சிலவும் மலிவு விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிறவர் சட்டத்தில் தோற்பதோடு, ஒரு குடும்பத்தின் கடைசிப் பிடிமானத்தைக் கைப்பற்றியவராகவும் ஆகிறார். மறுபக்கம், தலித் ஒருவர் கையில் பணத்தோடு கோயில் வீதியில் வீடு கேட்டால் பல ஊர்களில் இன்றும் அது விற்பனைக்கு இல்லை என்றாகிவிடும். எந்த வழிகாட்டி மதிப்பிலும் வராத விலை அது. வேளாண் தொழிலாளிக்குச் சந்தை வீடு தருவதில்லை. அரசுத் திட்டம்தான் தருகிறது. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் அதற்கும் மனை சொந்தமாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அடிமனைக்கே வந்து நிற்கிறோம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'நூறாண்டாக யாரையும் யாரும் வெளியேற்றவில்லை, ஊரே இப்படித்தான் இருக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் பூச்சாண்டி காட்டுகிறீர்கள்' என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்கலாம். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. தெளிவில்லாத உரிமையோடு வாழ்வதை நம் சிற்றூர்கள் ஒரு கலையாகவே பழகியிருக்கின்றன. யார் எங்கே வரை அனுபவிக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். தகராறு வந்தால் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாடு ஆளைப் பொறுத்தது. பங்காளி பங்காளியைச் சகித்துக்கொள்வான். அதே பங்காளி வெளியூர்க்காரருக்கு எதிராக வழக்குப் போடுவான், அதுவும் வீட்டைப் புதுப்பித்து முடித்த பிறகு. விற்பனை என்பதே ஊரின் நினைவிலிருந்து சொத்தைப் பிரித்துக் காகிதத்தின் கையில் கொடுப்பது. காகிதம் பலவீனமாக இருக்கும்போது அந்த மாற்றத்தைத் தாங்காது. மண்ணின் உரிமைப் பிரச்சினை வாழ்கிறவருக்கு எழாமல், வாங்குகிறவருக்கு எழுவது இதனால்தான்.

அரசு செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்காதது. நத்தம் பட்டா ஒரு துறையில், பத்திரம் இன்னொரு துறையில், கோயில் நிலப் பட்டியல் மூன்றாவது துறையில் இருக்கின்றன. ஒரு புல எண்ணைத் தட்டினால் மூன்றும் சேர்ந்து வரும்படி செய்யலாம். இறந்தவர் பெயரிலான சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றக் காலக்கெடு வைத்து, அந்தக் கெடுவுக்குள் செய்பவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். அதுவரைக்கும் இந்த வேலையை வாங்குகிறவரே செய்தாக வேண்டும்: முப்பது ஆண்டு வில்லங்கம், மூலப்பத்திரம் முதல் சங்கிலி, எல்லா மகள்களின் கையெழுத்து, இறந்துபோன தாயின் வழி வாரிசுகள், குடியிருப்பவரின் வாய்மொழி, அறநிலையத் துறைப் பட்டியல். இதற்கு ஆறு மாதம் ஆகும். விற்பவர் அவசரப்பட்டால் அந்த அவசரத்துக்குக் காரணம் கேளுங்கள். எல்லாம் தெளிவாக இருந்து, விலையும் குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நகரம் தராத வாழ்க்கை அது. அடிமனை கோயிலுடையது என்று தெரிந்தால் கிரயம் பேசாதீர்கள். அந்த வீட்டில்தான் வாழ வேண்டும் என்று மனம் கேட்டால், வாடகைக்குப் பேசுங்கள்.